லீமாரோஸ் பங்கு வைத்த மாத்திரை

என் மதினி லீமாரோஸைப் பார்த்து யாராவது "பாவம்" என்று உச்சுக்கொட்டினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அவருக்கு என்னைவிட வேகமாக வரும். ஒருமுறை, தடை செய்த இடத்தில் எடுத்தது என்று வனத்துறை ஆட்கள் பாம்பன் கரையில் கடல்பாசி மூட்டையைப் பறிக்க வந்தபோது, மூட்டையின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க, உங்க வீட்டுச் சோறு எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றவர். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்று மூட்டை தப்பியது.

என் அண்ணன் பிரடெரிக்கைக் கட்டிக்கொண்டு மதினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. என் காதைத் திருகிக் குளிக்க வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளியவர் அவர்தான். நான் படிக்காமல் வண்டி ஓட்டப் போனதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அண்ணன் இப்போது கொச்சிப் பக்கம் மீன்பிடி போட்டில் போகிறார், கிறிஸ்துமஸுக்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கும் மட்டும் வீட்டில் தலை தெரியும். மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்தாயிற்று. அதனால் மதினிக்கு ஆத்திர அவசரம் என்றால் நானும் என் ஆம்னி வண்டியும்தான்.

மதினிக்குத் தொழில் கடல்பாசி எடுப்பது. எங்கள் தெருப் பெண்கள் பலருக்கும் அதுதான். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, நீந்துவதற்குக் காலில் தகடு கட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூழ்கிப் பாறையில் முளைத்திருக்கும் பாசியைப் பறித்து வருவார்கள். ஒரே வள்ளத்தில் ஏழெட்டுப் பெண்கள் போவார்கள். யார் எந்தப் பாறைக்குப் போவது என்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள், ஏனென்றால் ஒரு பாறையில் பாசி அடர்ந்திருக்கும், இன்னொன்றில் முள்ளும் நண்டும்தான் இருக்கும். ஆனால் கரைக்கு வந்ததும் எல்லாருடைய பையும் ஒரே குவியலாகக் கொட்டப்படும். அதைச் சமமாகக் கூறு வைப்பார்கள். நல்ல பாறை விழுந்தவளுக்கும் ஒரே கூறு, வெறும் பாறை விழுந்தவளுக்கும் ஒரே கூறு. காய்ச்சலில் படுத்து வராதவளுக்கும் ஒரு கூறு வீட்டுக்குப் போகும். இதை யாரும் பெரிய தர்மம் என்று பேசியது கிடையாது. அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த நாள் வள்ளத்தில் ஏற ஆள் இருக்காது, அவ்வளவுதான்.

அந்த வள்ளத்தில் மதினிக்குக் கூட்டாளி பிரெசில்லா. இருவரும் தண்ணீருக்குள் சேர்ந்தே இறங்குவார்கள். ஒருத்தி மூழ்கினால் மற்றவள் மேலே நின்று பார்த்துக்கொள்வாள். நேரம் கடந்தால் இழுத்து வரவேண்டியது அவள் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேலாக இப்படி. பிரெசில்லாவுக்குக் கணவன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள் மட்டும். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இதை எழுத உட்கார்ந்தபோதும் மரியாதையாக "அவர்" என்றுதான் எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பொறுக்காமல் போங்கள்.

மதினிக்கு மார்பில் கட்டி வந்தது. எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதைப் போலவே அதை மறைத்து வைத்திருந்தார். முதலில் மஞ்சள் பற்று, பிறகு கோயில் எண்ணெய். கை தூக்க முடியாமல் போய், வள்ளத்தில் ஏறவே சிரமப்பட்ட பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தார். ராமநாதபுரத்தில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் மதினி செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அழவில்லை. நேரே பிரெசில்லா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, அவளைச் சட்டையை அவிழ்க்கச் சொல்லித் தடவிப் பார்த்தார். பாசிக்குப் போய் வந்து உடை மாற்றும்போது அவள் மார்பில் ஒரு பக்கம் தோல் குழி விழுந்திருந்ததை முன்பே பார்த்திருக்கிறார். அப்போது அது என்னவென்று தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் என் வண்டியில் இரண்டு பேராகப் போனார்கள். பிரெசில்லாவுக்கும் அதே நோய், அதே கட்டம். மதினி தடவிப் பார்த்திருக்காவிட்டால் அவள் இன்னும் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு இருந்திருப்பாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ராமசுப்பிரமணியன் என்பவர் அதற்குத் தலைவர். ராமநாதபுரம் மாவட்டத்து அபிராமம்தான் அவருக்குச் சொந்த ஊர். "நானும் ராம்நாட்டுக்காரன்தான், உங்களைக் கடைசி வரைக்கும் பாத்துக்குவேன்" என்று சொல்லி மதினியின் கையைப் பிடித்தார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன், இப்போதும் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். விஷயம் இதுதான்: வழக்கமாகப் போடும் ஊசி மருந்து எல்லாருக்கும் உண்டு. அதோடு ஒரு புது மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் கட்டி இன்னும் நன்றாகச் சுருங்குகிறதா, ஆட்கள் கூடுதல் காலம் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு ஊசி மட்டும், மீதிப் பேருக்கு ஊசியும் மாத்திரையும். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். டாக்டருக்கே அதில் கை கிடையாது. எல்லாம் இலவசம்.

இதையெல்லாம் எங்களுக்கு விளக்கியது ஜெயப்பிரியா. ஆராய்ச்சியில் சேரும் நோயாளிகளைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. பரமக்குடிப் பெண், சிறு வயது, கலகலப்பானவள். தாளில் இருந்த தமிழ் யாருக்கும் புரியாத தமிழ். மதினி முழித்ததைப் பார்த்து, அவள் தாளை ஓரமாக வைத்துவிட்டு, உங்க ஊர்ல எந்த எடத்துல யாரு தொழில் பாக்குறதுன்னு சீட்டுக் குலுக்குவீங்கல்ல, அது மாதிரிதாங்க்கா என்றாள். மதினி முகம் தெளிந்துவிட்டது. பிரெசில்லாவும் தலையாட்டினாள். அதற்குப் பிறகு கேமரா முன்னால் உட்கார்ந்து, எல்லாம் புரிந்தது என்று இருவரும் சொன்னார்கள். புரிந்ததுதான், குறையில்லாமல் புரிந்தது. சீட்டு என்றால் யார் எந்தப் பாறைக்குப் போவது என்பதற்குத்தானே. கரைக்கு வந்த பிறகு என்ன செய்வோம் என்று பரமக்குடிப் பெண்ணுக்குத் தெரியாது, அவள் கேட்கவும் இல்லை.

மதினிக்கு மாத்திரை விழுந்தது. பிரெசில்லாவுக்கு ஊசி மட்டும்.

முதல் இரண்டு மாதத்தில் மதினியின் கட்டி பாதியாகச் சுருங்கியது. கை தூக்கித் தலை சீவ முடிந்தது. தலையில் சீவ முடி இல்லை என்பது வேறு விஷயம், அதைச் சொல்லி அவரே சிரிப்பார். உள்ளங்கை கறுத்து, தோல் உரிந்தது. அந்த மாத்திரையின் குணம் அது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பிரெசில்லாவின் கட்டி அப்படியே நின்றது. ஒருநாள் மதுரையிலிருந்து வரும் வழியில் அவள் பின் சீட்டில் சாய்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, சத்தம் இல்லாமல் அழுதுகொண்டு வந்தாள். மதினி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து மதினி மாத்திரையைப் பங்கு வைக்கத் தொடங்கினார். காலையில் போடவேண்டியதை அவர் போட்டுக்கொள்வார், மாலையில் போடவேண்டியது பிரெசில்லா வீட்டுக்குப் போகும். காலி அட்டையைச் சரியாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார், கணக்கு இடிக்காது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று கதை விடமாட்டேன், நானும் அந்தத் தெருவில் வளர்ந்தவன்தான். பின்னால் மதினி சொன்னதை வைத்துச் சொல்கிறேன். பிரெசில்லா கேட்கவில்லை. மதினிதான் கொண்டுபோனார். ஆனால், "இது உனக்குள்ள மாத்திரை ஆச்சே, குறைஞ்சா உனக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "உனக்கு ஒண்ணு ஆனா மட்டும் நான் யாரு கூடடி முங்குவேன்" என்று மதினி சொல்லியிருக்கிறார். ஆக, அது என்ன மாத்திரை, யாருடையது, எதற்கு என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கித் தின்றாள்.

பிரெசில்லா தேறினாள். கட்டி சுருங்கியது, முகத்தில் களை வந்தது. மதினியுடையது சுருங்குவது நின்றுபோனது, பிறகு மெல்ல வளரத் தொடங்கியது. ஒவ்வொருவர் உடம்பு ஒவ்வொரு மாதிரி என்று டாக்டர் சொன்னார். அப்போதாவது மாத்திரை கொடுப்பதை நிறுத்தி முழுசாக மதினியே போட்டிருக்கலாம். கேட்டேன், பின்னால். "குடுத்தத எப்படிடா பாதில நிப்பாட்டுறது" என்றார். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது? கோபப்படவும் முடியாது, படாமல் இருக்கவும் முடியாது.

மாட்டிக்கொண்டது பிரெசில்லாவின் கையால். அடுத்த முறை ஊசிக்குப் போனபோது நர்ஸ் நரம்பு தேடிக் கையைத் திருப்பியிருக்கிறார். உள்ளங்கை கறுத்து, தோல் உரிந்து கிடந்தது. மாத்திரை சாப்பிடாதவளுக்கு அந்தக் கை வர வழியில்லை. டாக்டர் வந்து பார்த்தார், முகம் மாறிவிட்டது. இருவரையும் இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு வீட்டு ஆள் ஒருவர் இருக்கலாம் என்றார்கள், நான் போனேன்.

போகும் வழியில் வண்டியில் மதினி பிரெசில்லாவின் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டே வந்தார். அப்போதுதான் எனக்கே எல்லாம் தெரிந்தது. எதையும் மறைக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவோம் என்றார். பாசியைக் கூறு வைக்கிற மாதிரிதான் வைத்தோம், சீட்டு என்று சொன்னதால் அப்படி நினைத்துக்கொண்டோம், தப்பு என்று தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் டாக்டர் புரிந்துகொள்வார், அவரும் நம்ம பக்கத்து ஆள்தானே என்றார். பிரெசில்லா எல்லாவற்றுக்கும் "சரிடி" என்றாள். பரமக்குடி தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது மதினியின் டம்ளரை அவள்தான் ஆற்றிக் கொடுத்தாள்.

முதலில் பிரெசில்லாவைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நானும் மதினியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர், இன்னும் இரண்டு பெரியவர்கள், சுவரோரம் ஜெயப்பிரியா. மதினி உட்காராமல் நின்றபடியே தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். பிரெசில்லா எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சத்து மாத்திரை என்று சொல்லித்தான் லீமாரோஸ் கொடுத்தார், அது ஆராய்ச்சி மருந்து என்று தனக்குத் தெரியாது என்று அவள் சொன்னாளாம். ஒரு நோயாளிக்குத் தெரியாமல் இப்படி மருந்து கொடுப்பது போலீஸுக்குப் போகிற விஷயம் என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மதினி பக்கத்து அறைக் கதவைப் பார்த்துத் திரும்பினார்.

"அவளக் கூப்புடுங்க. எம் மொகத்தப் பாத்து அதச் சொல்லச் சொல்லுங்க."

கூப்பிட்டார்கள். பிரெசில்லா வந்து கதவுப் பக்கமே நின்றாள். மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.

"சத்து மாத்திரைன்னுதான் குடுத்தா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

சத்தியமாகச் சொல்கிறேன், குரல் நடுங்கவில்லை. அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல எழுந்தேவிட்டேன். மதினி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, அவள் பொய் சொல்கிறாள், தெரிந்துதான் வாங்கினாள், இருவரும் தெரிந்தேதான் செய்தோம் என்று பொறுமையாகச் சொன்னார். சீட்டு என்று சொன்னதால்தான் இப்படி ஆனது, வேண்டுமானால் இந்தப் பிள்ளையைக் கேளுங்கள் என்று ஜெயப்பிரியாவைக் காட்டினார்.

"சீட்டுக் குலுக்குற மாதிரின்னு நீதானம்மா சொன்ன."

ஜெயப்பிரியா எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள். மதினி வைத்த நண்டுக் குழம்பை விரலைச் சப்பிச் சப்பித் தின்றுவிட்டு, "அக்கா, நான் இங்கனயே இருந்துர்றேன்" என்று சொன்னவள். அவள் டாக்டரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"நான் தாள்ல இருக்குறத மட்டும்தான் சார் படிச்சுச் சொன்னேன்."

அதோடு முடிந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் பிரெசில்லாவின் பொய்தான் வசதி. அவள் தெரிந்து தின்றாள் என்றால் இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுக்கவேண்டும். இருவருக்கும் சரியாக விளங்கவில்லை என்றால் விளக்கியவள் மீது தப்பு, விளக்க வைத்த டாக்டர் மீது தப்பு. தெரியாமல் தின்றாள் என்றால் ஒரே ஒரு குற்றவாளி போதும். அது பாம்பனில் பாசி எடுக்கிற பொம்பளை. டாக்டர் வேண்டுமென்றே இப்படிக் கணக்குப் போட்டார் என்று நான் சொல்லவில்லை. நம்ப வசதியானதை மனிதர்கள் சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள், படித்தவர்கள் இன்னும் சீக்கிரம்.

மதினியை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாத்திரை நின்றது. பிரெசில்லா மட்டும் ஊசியோடு ஆராய்ச்சியில் தொடர்ந்தாள். போலீஸுக்குப் போகாமல் விடுவது தன் தயவு என்பதுபோல டாக்டர் பேசினார். இந்த மருந்து நாளைக்கு ஆயிரக்கணக்கான பெண்களுக்கு உதவப்போகிறது, அதன் முடிவே இரண்டு பேரால் கெட்டிருக்கும் என்றார். அதுவும் உண்மைதான். உண்மை என்பதால் எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை. வெளியே வரும்போது மதினி வாசலில் நின்று திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசி வரைக்கும் பாத்துக்குவேன்னு சொன்னிகளே டாக்டரு?"

அவர் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். அங்கே இந்த மாத்திரை கிடைக்குமா என்று நான் கேட்டேன். ஆராய்ச்சி முடிந்து கடைக்கு வந்தால் கிடைக்கும் என்றார். அது எப்போது என்று அவருக்கும் தெரியாது.

பிரெசில்லாவை வண்டியில் ஏற்றமாட்டேன் என்று நான் முறுக்கிக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வரட்டும், வழியில் வாந்தி எடுக்கட்டும், எனக்கென்ன? மதினிதான் கதவைத் திறந்துவிட்டார். "ஊசி போட்ட ஒடம்பு, ஏத்துடா" என்றார். ஆனால் அவர் பின் சீட்டில் உட்காரவில்லை, முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று ஊர் ஊராகத் தாண்டினோம். உச்சிப்புளி பக்கம் வந்தபோதுதான் பின்னாலிருந்து பிரெசில்லா வாயைத் திறந்தாள்.

"எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைக லீமா. ரெண்டு பேரும் போறதுக்கு ஒரு ஆளாச்சும் தப்பிக்கட்டும்னுதான்."

மதினி திரும்பிப் பார்க்கவில்லை.

"போகையில இந்த வண்டில வச்சு அத எங்கிட்டக் கேட்டிருந்தா, நானே அப்படிச் சொல்லியிருப்பேனேடி."

பிரெசில்லா அழுதாள். இந்த முறை அவள் தலைக்கு மடி கிடைக்கவில்லை. பாம்பன் பாலத்தில் காற்று பலமாக இருந்தது, நான் ஜன்னலை ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு தெருவில் கதை வேறு மாதிரி சுற்றியது. லீமாரோஸ் தனக்குக் கொடுத்த மருந்தை அடுத்தவளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தாளாம். பிரெசில்லா சொன்னது மதுரை அறைக்குள் நிற்கவில்லை, இரண்டே நாளில் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. வள்ளத்தில் மதினியோடு முங்கிய பெண்களே வாசலில் நின்று, "எதுக்கு மதினி இப்படிச் செஞ்சிக" என்று கேட்டார்கள். மதினி முதலில் ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். உண்மையை நாலு முறை சொன்னால் அது நமக்கே பொய் மாதிரி கேட்கிறது என்றார். கோயிலில் பூசைக்குப் போனால் எப்போதும் உட்காரும் இடத்தை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். அண்ணன் கொச்சியிலிருந்து போன் போட்டுக் கத்தினார், யாரிடம் கத்துவது என்று தெரியாமல் என்னிடம்.

அரசு மருத்துவமனையில் ஊசி தொடர்ந்தது. அங்கே டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் கட்டி கேட்கவில்லை, அக்குளுக்குப் பரவிவிட்டது. அந்த மாத்திரை முழுசாகக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், யாராலும் சொல்ல முடியாது என்றார்கள். ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாதாம், அதற்குத்தான் ஆராய்ச்சியாம்.

இந்த வருடம் தவக்காலத்தில் அந்த ஆராய்ச்சியின் இடைக்கால முடிவு வந்தது. ஜெயப்பிரியா போன் போட்டது பிரெசில்லாவுக்கு. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, அதனால் ஊசி மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் இனிமேல் மாத்திரை கொடுக்கப்போகிறார்கள், இலவசமாக, வேலை செய்யும் வரைக்கும். பிரெசில்லா போய் வாங்கி வந்துவிட்டாள். என் வண்டியில் போகவில்லை, தங்கச்சிமடத்தில் வேறு வண்டி பிடித்தாள். அவள் பெரிய மகள் கடையில் சொல்லி, கடைக்காரர் என்னிடம் சொன்னார். அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். பிரெசில்லா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் மதினியிடம் சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. கேட்கத்தான் போனேன். ஒரு மாதத்துக்கு மட்டும், பாதி மட்டும், மதினி உடம்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று பார்ப்போம் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், மறுபடி அதே தப்பைத்தான் கேட்கிறேன் என்று. மதினி வீட்டில் அக்குளில் துணி வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது சரியும் தப்பும் யாருக்கு வேண்டும்?

பிரெசில்லா நன்றாக இருந்தாள். முடி முளைத்திருந்தது. என்னை உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை.

"டாக்டரு ஒண்ணொண்ணா எண்ணிப் பாக்குறாக தம்பி. ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லியிருக்காக. அப்புறம் எனக்கும் நின்னுரும்."

அவள் சொன்னது சரிதான். ஒரு வார்த்தை தப்பில்லை. நான் வெளியே வந்தேன். சொல்ல நினைத்ததெல்லாம் வண்டியில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து மதினியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கொட்டித் தீர்த்தேன். இப்படிப்பட்டவளுக்குப் போய்க் கொடுத்தீர்களே என்றேன். நான் போய்க் கேட்டதே தப்பு, உங்களுக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்கமாட்டீர்கள், நீங்கள் செத்தாலும் அவளிடம் போய்க் கையேந்துகிற ஆளா என்றேன். மதினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் முந்தாநாளே போனேன்டா பெஞ்சமினு. நீ மண்டபத்துக்குச் சவாரி போயிருந்த. செவுத்தப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் போனேன். ஒரு வேளைக்கு மட்டும் குடுடின்னு கேக்கலாம்னு போனேன்."

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"சின்ன பிள்ள வாசல்ல நின்னு அம்மா வீட்ல இல்ல பெரியம்மான்னுச்சு. உள்ள அவ இருமுனது எனக்குக் கேட்டுச்சு. எத்தன வருசமா கேக்குற இருமலு. சரித்தான்னு வந்துட்டேன்."